தென்னூரில் ஒரு நாயைப் பார்த்து வந்த விவரம்

ஸ்ரீரங்கம்,
1938, ஆனி 14, செவ்வாய்

சிரஞ்சீவி கோபுவுக்கு அப்பா செய்யும் ஆசீர்வாதம். இவ்விடம் என்னைத் தவிர எல்லோரும் க்ஷேமம். டில்லியில் வெயில் எப்படி என்று எழுதவும்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நம் குடும்ப சபை கூடி, நான் ஜட்காவில் தென்னூர் சென்று ஒரு நாயைப் பார்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. சபையில் இருந்தது நானும் உன் அம்மா குமுதவல்லியும். அவள் வாய் திறக்கவில்லை; ஆகவே ஏகமனது.

எனக்கு மஞ்சள் காமாலை கண்டு ஆறு வாரம் ஆவது நீ அறிவாய். கீழாநெல்லி தின்றேன், மோராகக் குடித்தேன், சமயபுரத்துக்குக் காசு முடிந்து வைத்தேன். கண் சாமந்திப் பூவாகவே இருக்கிறது. அதைவிட மோசம் அரிப்பு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எழுந்து தூணில் முதுகைத் தேய்த்துவிட்டு வருகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். தென்னூரில் ஆறு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் பஷீர் அகமது சொல்வது இது: பித்தம் ஈரலிலிருந்து குடலுக்கு இறங்கும் பாதை அடைத்துக்கொண்டது, தேங்கிய பித்தம் ரத்தத்தில் ஏறுகிறது, முதலில் ரப்பர் குழாய் செருகி அதை வெளியே ஒரு புட்டியில் வடிக்க வேண்டும், தெம்பு வந்த பிறகு அடைப்பைக் கவனிக்கலாம். "இல்லேன்னா?" என்றேன். "ஆடி தாண்டாதுங்க" என்றார். கொல்லைக் கொட்டகையில் நாய்களுக்குச் செய்து பார்த்திருக்கிறாராம். பிழைத்த நாயைக் காட்டினால் யோசிக்கிறேன் என்றேன். மேற்படி தீர்மானத்துக்குக் காரணம் அதுதான்.

நாயின் பெயர் சீசர். பித்தப் பாதையைக் கட்டிக் காமாலை வரவழைத்து, பிறகு குழாய் வைத்து வடித்து, மூன்று மாதமாகிறது. வயிற்றில் துணிக் கச்சை, அதில் ஒரு புட்டி. கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. என் கண்ணை அது சற்று இரக்கத்தோடுதான் பார்த்தது. பெண் பார்க்கப் போனவன் மாதிரி, நடக்கச் சொன்னேன், நடந்தது. சம்மதம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கொட்டகை ஆள் லூர்து புட்டியைக் கழற்றி, அதிலிருந்த பச்சைத் தண்ணீரை நாயின் வாயில் ஊற்றினான்.

"என்னப்பா இது?"

"அதோட பித்தம்தான் சாமி. திரும்பக் குடுத்தாகணும். குடுக்காத நாய் ரெண்டும் எலும்பாப் போயிடுச்சு."

"எனக்கும் உண்டா?"

"தினம் காலையில உண்டு சாமி. மூக்கைப் புடிச்சுக்கிட்டா ஒண்ணும் தெரியாது."

டாக்டர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டார். உயிர் போகிற விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பித்தம் எனக்கு எச்சிலா இல்லையா என்று தெரியாமல் எப்படி வாயில் வைப்பது? ஆசார சந்தேகம் தீர்க்கும் நம் தேசிகன் ஸ்வாமியிடம் போனேன். "தேகத்தை விட்டுப் போனது திரும்ப உள்ளே வரப்படாது" என்றார் சனிக்கிழமை. "ஆனா வாய் வழியா வரலையே" என்றார் ஞாயிற்றுக்கிழமை. சாஸ்திரத்தில் எத்தனையோ எச்சில் இருக்கிறது, ரப்பர் குழாய் இல்லை. அவரும் என்ன செய்வார்? திங்கட்கிழமை, புட்டி கண்ணாடியா பீங்கானா என்று கேட்டனுப்பினார். உன் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அறுபது வருஷமா உள்ளேயே வச்சிண்டிருந்தேளே, அப்போ யாரைக் கேட்டேள்?" என்றாள். இன்று விடிந்ததும் தீர்ப்பு வந்தது: கண்ணாடியானால் தோஷமில்லை, ஒரு துளசி தளம் போட்டுக்கொள்வது உத்தமம்.

ஆகவே சம்மதம் என்று சீட்டு எழுதி, ஜட்காக்காரன் ரங்கசாமியிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். நீ லீவு போட்டுவிட்டு உடனே வா. இப்பத்தான் மனசு நிம்மதியா இருக்கு. அரிப்பு போகலே, இருந்தாலும் நிம்மதி. உன் அகத்துக்காரி வைதேஹியையும் குழந்தையையும் நம்பெருமாள் நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
ராஜகோபாலன்

பி.கு.: ரங்கசாமி திரும்பி வந்தான். எனக்கு வைத்திருந்த கட்டிலை நேற்றுச் சாயங்காலம் அரியமங்கலம் நல்லுசாமி என்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் நாளை பம்பாய் புறப்பட்டு, அங்கிருந்து சீமைக்குக் கப்பல் ஏறுகிறார். கார்த்திகையில் திரும்புவார்.