மச்சான் கொடுத்த மக்னீசியம்

செருப்புக் கடையின் குடோனில், ஷூவைக் கழற்றிவிட்டு, எரியும் உள்ளங்காலைச் சில்லென்ற தரையில் வைத்து நின்றுகொண்டிருந்தார் ஏழாம் நம்பர். எப்பேர்ப்பட்ட கால் கடைக்குள் வந்தாலும் முதலில் ஏழாம் நம்பரையே எடுத்து நீட்டுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

சர்க்கரை வியாதி நரம்பைப் பிடித்துக்கொண்டு, பாதம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரிந்தன. நாள் முழுக்க நிற்கிற உத்தியோகம் வேறு. அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை கேஷியர் அம்மாவின் நாற்காலி. அந்த அம்மா மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். "உங்க காலுக்கு இனிமே உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் சரி" என்று மேனேஜரே சொல்லியிருந்தார்.

அதற்குள் மச்சான் புகுந்துவிட்டார். மனைவியின் அண்ணன், இதே கடையில் பக்கத்து வரிசையில் விற்பவர், இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். எதிர்த்துப் பேச முடியுமா?

"மாப்பிள்ளை, மக்னீசியம் மாத்திரை. நரம்புக்கு இதை விட்டா வேற கிடையாது. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"டாக்டருக்கா கால் எரியுது?"

வீட்டில் புலம்பியதற்கு, "எங்க அண்ணன் உங்களுக்குக் கெடுதலா பண்ணிடப் போறார்?" என்று மனைவி தண்ணீரோடு மாத்திரையை நீட்டினாள்.

எரிச்சல் அப்படியே இருந்தது. வயிறுதான் தாறுமாறாகப் போக ஆரம்பித்தது. ஒருவருடைய காலைப் பாதி ஷூவுக்குள் நுழைத்த நிலையில் விட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது அந்த ஆள் பாதிக் காலோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இது என் அளவே இல்லை. எனக்குப் பத்து."

இனித் தாங்காது என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தார். "மச்சான், எரிச்சல் சுத்தமாப் போயிடுச்சு. மாத்திரை போதும்."

மச்சான் வாயில் ஒரு விஷயம் தங்குமா? கடை முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். மேனேஜர் வந்து கையைக் குலுக்கினார்.

"குணமாயிடுச்சாமே! அப்ப அந்த நாற்காலியைப் பத்தி நான் மறுபடி யோசிக்கணும்."

ஏழாம் நம்பர் அவசரமாக ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். "ஐயோ, இல்லை சார், எரியுது சார்! நல்லா எரியுது!"

இதைக் கேட்டு மச்சானின் முகம் சுண்டிவிட்டது. "அப்ப மருந்து பத்தலை மாப்பிள்ளை" என்று மறுநாளே மக்னீசியம் ஸ்ப்ரே ஒன்றோடு வந்து நின்றார். உதவி செய்தே தீருவேன் என்று கிளம்பியவரைத் தடுக்க உலகத்தில் வழியே கிடையாது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இரண்டு பாதத்திலும் எண்ணெய் மாதிரி வழிய அடித்துவிட்டார்.

"இப்ப நடந்து பாருங்க."

எங்கே நடப்பது? பளிங்குத் தரையில் வழுக்கி, ஆண்கள் பிரிவிலிருந்து குழந்தைகள் பிரிவு வரை ஒரே ஓட்டமாகப் போய், அட்டைப்பெட்டி அடுக்கைச் சரித்துக்கொண்டு விழுந்தார். மேனேஜர் வாயைப் பிளந்தார்.

"என்ன வேகம்! இந்தக் காலுக்கா வியாதி?"

ஏழாம் நம்பருக்கு அழுகையே வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் போய் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டார்.

"யார் சொல்லி இதெல்லாம் சாப்பிடறீங்க? உங்க ரத்தத்துல மக்னீசியம் குறையவே இல்லை. குறைஞ்சவங்களுக்குக் கொடுத்தா அர்த்தம் உண்டு. சும்மா சாப்பிட்டா வயிறுதான் போகும். சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்க, நரம்புக்கு நான் மருந்து தர்றேன். முக்கியமா, ரொம்ப நேரம் நிக்கக்கூடாது."

அந்தக் கடைசி வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்தது. டாக்டரே சொல்லியாகிவிட்டது, இனி எந்த மேனேஜர் மறுப்பார்? மறுநாள் காலை மூச்சு வாங்கக் கடைக்கு ஓடினார்.

கேஷியர் நாற்காலியில், ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மச்சான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மச்சான்! நீங்க எப்படி இங்க?"

மச்சான் பில் மெஷினைத் துடைப்பதில் மும்முரமானார். தன் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்த கேஷியர் அம்மாதான் பதில் சொன்னார்.

"உங்களுக்குத்தான் குணமாயிடுச்சே, அதான் அவருக்குக் கொடுத்துட்டாங்க. பாவம், அவருக்கும் ரொம்ப நாளா இதே கால் எரிச்சலாம்."

"அப்ப அந்த மக்னீசியத்தை அவரே சாப்பிட வேண்டியதுதானே?"

"நானும் கேட்டேன். 'வேண்டாம்மா, சாப்பிட்டு எரிச்சல் போயிட்டா நாற்காலியும் போயிடுமே'ன்னார்."