கம்பி சொன்ன தாகம்

டாரகில்லாவில் இரண்டு வருடமாக மழை இல்லை. தண்ணீருக்குத்தான் பஞ்சம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. வார்விக் டல்பியின் கேரவன் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்ற பிறகுதான், அறிவுக்கும் பஞ்சம் என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

ஆகா, என்ன கூட்டம்! கேரவன் வாசலில் தொடங்கிய வரிசை மதுக்கடை வரை நீண்டு, அங்கே ஒரு பீர் குடித்து இளைப்பாறி, மறுபடி வளைந்து வந்தது. வெயில் முப்பத்தொன்பது டிகிரி. மூக்கில் ஈ, காதில் ஈ. ஒருவரும் நகரவில்லை. மருத்துவமனையில் கால் மணி நேரம் காக்கவைத்தால் மந்திரிக்குப் புகார் எழுதுகிற மகாஜனங்கள், இங்கே இரண்டு மணி நேரம் நின்று, எண்பது டாலரையும் கொடுத்து, நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

டாரகில்லா மாரத்தானுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் கடிகாரம் கட்டி ஓடக்கூடாது. புறப்படும் இடத்தில் ஒரு வாளி இருக்கும். எல்லாரும் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதில் போட்டுவிட்டு, இத்தனை மணி நேரத்தில் வந்து சேருவேன் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதற்கு மிக அருகில் யார் வந்து சேருகிறாரோ அவருக்குக் கோப்பை. உடம்பு சொல்வதைக் கேட்டு ஓட வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். தொந்தி சரிந்தவனும் ஜெயிக்கலாம் என்பதால் ஊரில் பாதிப்பேர் ஓடுவார்கள். நல்ல வழக்கம்தான். மோசக்காரன் குடியேற நல்ல இடத்தைத்தானே தேடுவான்?

டல்பியின் பழைய தொழில் நீரோட்டம் பார்ப்பது. வளைத்த கம்பி இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வயலில் நடப்பான். கம்பி ஒன்றையொன்று தொட்டால் அடியில் தண்ணீர். அவன் காட்டிய இடத்தில் தோண்ட ஆரம்பித்தவர்கள் இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிலத்தில் இதுதான் சங்கடம், தோண்டினால் காட்டிக்கொடுத்துவிடும். மனித உடம்பை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஆகவே ஐயா தொழிலை மாற்றிக்கொண்டார்.

கேரவனுக்குள் ஒரு குட்டை முக்காலி. அதில் ஓட்டக்காரர் தன் எண் சீட்டை நெஞ்சில் குத்திக்கொண்டு உட்கார வேண்டும். டல்பி கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு எதிரே நின்று கம்பியை நீட்டுவான். கம்பி ஆடும். டல்பியும் சேர்ந்து ஆடுவான்.

"நீ புதுசு. இதுதான் உனக்கு முதல் மாரத்தான்."

"ஐயோ, எப்படிங்க தெரிஞ்சது?"

"கம்பிக்குத் தெரியும். பயப்படாதே. உனக்குள்ள ஒரு ஊத்து இருக்கு. வெளியிலேர்ந்து தண்ணி ஊத்தினா அந்த ஊத்து கலங்கிடும், உணர்வு போயிடும். முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் ஒரு சொட்டு குடிக்காதே. தாகம்ங்கறது உடம்பு சொல்ற பொய்."

கண்ணைக் கட்டிக்கொண்டு புதியவரைப் புதியவர் என்றும், பழையவரைப் பழையவர் என்றும் சொல்லிவிட்டானே! இவன் தண்ணீர் குடிக்காதே என்றால் தப்பாகவா இருக்கும்? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்று நம் ஊரில் கேட்பார்கள். டாரகில்லாவில் கேழ்வரகு விளைவதில்லை. அதனால் யாரும் கேட்கவில்லை.

மேவிஸ் ஹாப்குட் மட்டும் கேட்டாள். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மாரத்தான் நாளில் முப்பதாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை போடுவாள். இருபத்திரண்டு வருடமாக அந்த மேசை அவளுடையது. புதன்கிழமை விழாக் குழு கூடி, முப்பத்தைந்து கிலோமீட்டர் வரை தண்ணீர் மேசையே வேண்டாம் என்று முடிவு செய்தது. குழுத் தலைவர் பட்டர்ஸ்பி. மதுக்கடை அவருடையதுதான்.

"வழியில தண்ணியைப் பாத்தா சபலம் வரும், மேவிஸ். டல்பி சொல்றாரு."

"உன் கடைக்கு வர்றவனுக்கும் இதைச் சொல்லேன். சபலம் வரும், கதவைச் சாத்துன்னு."

"அது வியாபாரம். இது விஞ்ஞானம்."

மேவிஸின் கணவன் நெவிலும் அந்த விஞ்ஞானத்தில் சேர்ந்திருந்தான். பதினோரு மாரத்தான் ஓடியவன். பொறியியல் பட்டறையில் வேலை, எந்த இயந்திரமானாலும் கழற்றிப் பார்த்துத்தான் நம்புவான். கம்பியை மட்டும் கழற்றாமலே நம்பினான்.

வியாழக்கிழமை அவன் தண்ணீர் இல்லாமல் இருபது கிலோமீட்டர் ஒத்திகை ஓடப் போனான். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த மேவிஸ், சாலையோரத்து யூகலிப்டஸ் மரத்தடியில் அவன் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முகம் நெருப்பாகச் சுட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. அவளை நிமிர்ந்து பார்த்து, "ரஸ்டி, வா, வீட்டுக்குப் போவோம்" என்றான். ரஸ்டி அவர்கள் வளர்க்கும் நாய்.

மேவிஸ் பேருந்துக்கு ஓடினாள். பேருந்தில் இருந்த தண்ணீர்க் கேனை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். சட்டையை நனைத்துப் போர்த்தி, இழுத்து ஏற்றி, மருத்துவ நிலையத்துக்கு ஓட்டினாள். வழியெல்லாம் அழுதாள், திட்டினாள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சவப்பெட்டிக்குத்தான் அளவெடுத்திருக்க வேண்டும் என்று அங்கிருந்த செவிலி சொன்னாள். ஒரு மாதம் ஓட்டம் என்ற பேச்சே கூடாது என்றும் சொன்னாள்.

மறுநாள் காலை நெவில் எழுந்து காலணியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"என்ன பண்றே?"

"ஞாயித்துக்கிழமைக்கு. நேத்து நடந்ததை டல்பிகிட்ட போன்ல சொன்னேன். ஊத்து திறக்கிறப்ப அப்படித்தான் இருக்குமாம். நல்ல அறிகுறியாம்."

"நீ என்னை நாய்ன்னு நினைச்சுக் கூப்பிட்டே நெவில்!"

"பிரியமாத்தானே கூப்பிட்டேன்."

இந்த மனிதன் ஞாயிற்றுக்கிழமை ஓடினால் பிணமாகத்தான் வருவான் என்று மேவிஸுக்குத் தெரிந்துவிட்டது. கத்தினால் கேட்கமாட்டான். அழுதாலும் கேட்கமாட்டான். கொடியில் தொங்கிய அவன் ஓட்டச் சட்டை வறண்ட காற்றில் படபடத்தது. நெஞ்சில் குத்திய எண் சீட்டின் கீழ்ப்பக்கம் கிழிந்துவிடும் போல அடித்துக்கொண்டது. மேலே மட்டும் இரண்டு ஊக்கு.

வருடா வருடம் ஊக்கு டப்பாவைப் பார்த்துக்கொள்வது மேவிஸ்தான். ஒரு சீட்டுக்கு நாலு மூலை, நாலு ஊக்கு. இந்த வருடம் டல்பியின் மனைவி சீலியா அந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். பெயர், வயது, இதற்கு முன் எத்தனை மாரத்தான் என்று படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்துடன் அவளே சீட்டைக் குத்திவிடுவாள். என்ன சேவை மனப்பான்மை!

மேவிஸ் மைதானத்துக்குப் போய், வரிசையின் ஓரமாக மெல்ல நடந்தாள். தபால் நிலையத்துப் பெண், முதல் ஓட்டம், நாலு ஊக்கு. பட்டர்ஸ்பி, ஒன்பது ஓட்டம், இரண்டு ஊக்கு. புதுசாக வந்த ஆசிரியர், நாலு. கிழட்டு மேய்ப்பர், இரண்டு. கண்கட்டுத் துணிக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சந்து வழியாகக் கீழே பார்த்தால் குட்டை முக்காலியில் இருப்பவரின் நெஞ்சு தெரியாமல் வேறு என்ன தெரியும்?

அவள் நேரே டல்பியிடம் போனாள்.

"நாளைக்கு ஊர் மன்றத்து மேடையில ஒரு காட்சி வைக்கலாமா? ரெண்டு பேரை முக்காலியில உட்கார வெச்சு, தலையோட கால் வெள்ளை விரிப்பால மூடிடறேன். நீங்க கண்ணையும் கட்டிக்கோங்க. அப்படியும் சொல்லிட்டீங்கன்னா என்னை மாதிரி நம்பாதவ வாயெல்லாம் அடைஞ்சிடும்."

டல்பி யோசித்தான். "எண் சீட்டு?"

"விரிப்பு மேல குத்திடறேன்."

"அப்ப சரி. எண்ணுக்கு ஒரு அதிர்வு உண்டு, அது அவசியம்" என்று டல்பி பெருந்தன்மையோடு சம்மதித்தான்.

நெவிலை உட்காரச் சொன்னபோது அவன் துள்ளிக் குதித்தான். "என்னை விரிப்புக்குள்ள வெச்சாலும் கண்டுபிடிச்சிடுவாரு. அப்புறம் நீ என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கறேன். அவரு தப்பாச் சொன்னா நீ செவிலி பேச்சைக் கேக்கணும். முடியற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது."

"பந்தயம்."

சனிக்கிழமை மாலை மூன்று மணி. மன்றத்தில் மின்விசிறி எல்லாம் சுற்றின. உட்கார இடமில்லாமல் ஜன்னலில் எல்லாம் தலை. எல்லார் நெஞ்சிலும் எண் சீட்டு. சீலியா ஊக்கு டப்பாவுடன் மேடைப் பக்கம் ஓடி வந்தாள்.

"நான் குத்திவிடறேனே, மேவிஸ்."

"வாரம் பூரா உழைச்சிருக்கே. போய் டீ குடி. நான் குத்தியாச்சு."

சீலியாவின் முகம் வெளுத்தது. டல்பி அதற்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டலுக்குத் தலை வணங்கிக்கொண்டிருந்தான். திரை விலகியது. வெள்ளை விரிப்புக்குள் இரண்டு உருவங்கள்.

முதல் உருவத்தின் முன் கம்பி ஆடியது. நாலு மூலையிலும் நாலு ஊக்கு.

"பாவம், பச்சைக் குழந்தை!" என்றான் டல்பி. "மாரத்தான்னா என்னன்னே தெரியாது. நாளைக்குத்தான் முதல் ஓட்டம். ஆனா உடம்பு கல்லு மாதிரி இருக்கு. இந்த வாரம் ஒரு தலைவலிகூட வந்ததில்ல. தாராளமா ஓடலாம், தண்ணி வேண்டாம்."

விரிப்பு ஒரு தடவை குலுங்கியது.

இரண்டாவது உருவம். மேலே இரண்டே ஊக்கு. டல்பியின் குரல் தழுதழுத்தது.

"அடடா! இது பழுத்த ஆத்மா. பத்து மாரத்தானுக்குக் குறையாது. என்ன நிதானம், என்ன பொறுமை! கொஞ்சம் கர்வம் உண்டு, ஆனா யாருக்கும் தீங்கு நினைக்காத மனசு. உள்ளே ஊத்து பொங்குது. இவருக்கு நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி தேவையில்ல!"

மன்றம் அதிரக் கைதட்டல். மேவிஸ் போய் இரண்டாவது விரிப்பை உருவினாள்.

முக்காலியின் மேல் ஒரு வைக்கோல் கட்டு. அதன் மேல் ஒரு தொப்பி.

"டல்பி சொன்னது சரிதான்" என்றாள் மேவிஸ். "வைக்கோலுக்குத் தண்ணி தேவையில்ல. உங்களுக்கு?"

 முதல் விரிப்பு தானாகப் பறந்தது. உள்ளே இருந்து நெவில் எழுந்தான். கண் சிவந்திருந்தது.

"பதினோரு தடவை ஓடியிருக்கேன்யா! முந்தாநாள் செத்துப் பிழைச்சேன். நீதானே ஊத்து திறக்குதுன்னு சொன்னே? தலைவலிகூட வரலியா எனக்கு?"

டல்பி துணியை அவிழ்த்தான். "வைக்கோலும் ஒரு காலத்துல உயிருள்ள பயிர்தானே. அதுக்கும் ஞாபகம்..."

வேடிக்கை என்னவென்றால், முன்வரிசையில் இரண்டு பேர் அதற்கும் தலையாட்டினார்கள்.

"முதல் தடவை ஓடறவங்க கையைத் தூக்குங்க" என்றாள் மேவிஸ். "இப்பக் குனிஞ்சு உங்க நெஞ்சைப் பாருங்க. எத்தனை ஊக்கு?"

இருநூறு தலைகள் குனிந்தன. இத்தனை நாளும் நெஞ்சிலேயே தொங்கிய உண்மையை ஊர் முதன்முறையாகப் பார்த்தது.

"நாலு!"

"பழைய ஆளுங்களுக்கு?"

"ரெண்டு!"

"கம்பிக்கு எண்ணத் தெரியாது. சீலியாவுக்குத் தெரியும்."

அப்புறம் எழுந்த கூச்சலில் கூரைத் தகரம் கிடுகிடுத்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். டல்பி முந்தைய சனிக்கிழமை வந்தவன், எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கிறது. ஆளுக்கு எண்பது டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் கேரவன் ஊர் எல்லையைத் தாண்டியது. பட்டர்ஸ்பி தொண்டையைக் கனைத்து, தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாகச் சொல்லி, தண்ணீர் மேசைகளைத் திரும்பப் போட உத்தரவிட்டார். தலைவர் என்றால் சும்மாவா?

நெவில் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியைக் கம்பி போல நீட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"கம்பி ஆடினப்ப, எனக்குள்ள என்னமோ ஆடின மாதிரியே இருந்தது மேவிஸ்" என்றான்.

"இருந்திருக்கும். வியாழக்கிழமை உன் தொண்டை எரிஞ்சதா இல்லியா?"

"எரிஞ்சது."

"அதான் உணர்வு. அதை நம்பாம கம்பியை நம்பினே." அவன் கையை அழுத்திப் பிடித்தாள். "நீ போயிருந்தா நான் என்னடா பண்ணியிருப்பேன்?"

ஞாயிறு காலை அவன் சீட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முப்பதாவது கிலோமீட்டரில் மேவிஸின் பக்கத்தில் நின்று கோப்பைகளில் தண்ணீர் ஊற்றினான். பன்னிரண்டாவது ஓட்டம் போய்விட்டதே என்று அவனுக்கு வருத்தம்தான். ஆனால் நிழலில் நின்று வருத்தப்பட்டான். அதைப் பார்க்கப் பார்க்க மேவிஸுக்கு நெஞ்சு நிறைந்தது.

பத்து மணிக்கு வெயில் ஏறியபோது பட்டர்ஸ்பி வந்து சேர்ந்தார். முகம் பீட்ரூட் கிழங்கு. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். மேசை நிறையத் தண்ணீர் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. வரிசையாக நின்றார்கள்.

"மேவிஸ்" என்று மூச்சிரைத்தார் பட்டர்ஸ்பி, "நான் எத்தனை கப் குடிக்கணும்? நீ பாத்துச் சொல்லு. உன் கண்ணுக்கு ஒரு சக்தி இருக்குன்னு ஊரே பேசுது."

பின்னால் நின்ற தலைகள் எல்லாம் ஆமாம் என்று ஆடின. கடைசியில் நின்றவர், மேவிஸ் பார்த்துச் சொல்லட்டும் என்று முன்கூட்டியே நாக்கை வேறு நீட்டிக்கொண்டிருந்தார்.

மேவிஸ் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தாகம் உன்னுது. தொண்டை உன்னுது. அதுக்கு மேல இருக்கிற தலையும் உன்னுதுதானே, பட்டர்ஸ்பி? இல்ல, கேரவன் போறப்ப அதையும் அதுல ஏத்தி அனுப்பிட்டியா?"