கோபப்படாமல் காத்திருக்கவும்

"இன்னிக்கும் தேதி வரலை சார். சாப்பிட்டீங்களா?"

ஆஸ்பத்திரிப் பெண் தொலைபேசியில் இப்படிக் கேட்டதும் லிஃப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேதி வரவில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவரைக் கூப்பிட வைத்து வைத்து, அவள் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி குசலம் விசாரிக்கிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் சாப்பிட்டா என்ன, பட்டினி கிடந்தா உனக்கென்னம்மா? ரெண்டே வாரத்துல கூப்பிடறோம்னு சொல்லி அனுப்பினீங்க. இன்னியோட ஏழு வாரம்!"

"கூப்பிடுவோம் சார்."

"எப்போ?"

"கூப்பிடும்போது சார்."

லிஃப்ட்காரர் போனை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டு, அவர் மனைவி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு சமையலறையிலிருந்து வந்தாள். "என்னங்க, கையை நீட்டுங்க."

நீட்டினார். கருவி ஊதியது, உறுமியது, ஓர் எண்ணைக் காட்டியது. எண்ணைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால், இரண்டாம் முறை எடுத்தபோது எண் இன்னும் ஏறியது.

"மூணாந்தடவை எடுக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"எடு, எடு! வெடிக்கிற வரைக்கும் எடு!"

தெருவில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் முப்பது வருஷம். அவர் கை பட்ட லிஃப்ட் இரண்டாம் முறை மக்கர் பண்ணியதில்லை. மக்கர் பண்ணியது அவருடைய சொந்த இதயம்தான். மாரடைப்பு என்று கொண்டுபோய்ப் படுக்கவைத்து, அடைப்பை எடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று கட்டளை போட்டார். மாடிப்படி ஏறக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. கோபப்படக் கூடாது. இதயப் பயிற்சி ஆரம்பிக்கும் வரைக்கும் இப்படி. பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவைத்து, படியேறவைத்து, பழைய ஆளாக்கிவிடுவார்களாம்.

முதல் இரண்டையும் லிஃப்ட்காரர் ஒழுங்காகவே கடைப்பிடித்தார். மூன்றாவதுதான் உதைத்தது. கோபப்படாதே என்று ஒருவர் சொல்வதைவிடக் கோபம் வரவழைக்கிற பேச்சு உலகத்தில் வேறு ஏதாவது உண்டா?

போதாததற்குக் கம்பெனி மேனேஜர் வேறு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். "பயிற்சி ஆரம்பிச்சாச்சுன்னு ஒரு தாளாவது இந்த மாசக் கடைசிக்குள்ள கொண்டாந்துடுங்க. இல்லேன்னா மேலிடத்துல உங்களைச் சாமான் அறையில உட்காரவெக்கச் சொல்றாங்க." சாமான் அறை என்றால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. திருகாணியையும் பட்டையையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஓய்வு பெறும் நாள்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

எனவே மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் கொஞ்சம் கூடுதலாகவே கத்தினார். அதற்குப் பலனும் இருந்தது. அரை மணியில் ஆஸ்பத்திரியே அவரைத் திருப்பிக் கூப்பிட்டது.

"சார், உங்க ஃபைல்ல 'கோபம் அதிகம்'னு குறிச்சிருக்கோம். மன அமைதி ஆலோசகரைப் பார்த்து அவங்க கையெழுத்து வாங்கினாத்தான் இனிமே உங்களைப் பயிற்சியில சேர்ப்பாங்க."

ஒன்றுக்காகக் காத்திருந்தவர் இப்போது இரண்டுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆலோசகர் அம்மாள் பஞ்சு மாதிரி பேசினார். அறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது.

"கண்ணை மூடிக்கோங்க. உங்க கோபத்தைப் பாருங்க. என்ன தெரியுது?"

"உங்க ஆஸ்பத்திரி தெரியுது."

"நல்லது. அதை அப்படியே மெதுவா மறைய விடுங்க."

"ஏற்கெனவே அப்படித்தானேம்மா இருக்கு? கூப்பிட்டா ஆளையே காணோம்!"

ஆலோசகர் ஏதோ எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தார் லிஃப்ட்காரர். 'இன்னும் இரண்டு அமர்வு தேவை' என்று இருந்தது. இரண்டாம் அமர்வில் வாயையே திறக்காமல் ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'காரணமில்லாத சிரிப்பு, கவனிக்கவும்' என்று எழுதினார் அந்த அம்மாள். மூன்றாம் அமர்வில் மீன்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து எப்படியோ கையெழுத்தை வாங்கிவிட்டார். அதற்குள் நாலு நாள் போய்விட்டது.

அன்றைக்குப் பார்த்துத்தான் கம்பெனியில் அவருக்கு அடுத்த மெக்கானிக் போன் செய்தான். நாற்பது வயது, தடித்த மீசை. எதற்கெடுத்தாலும் விளக்கப் புத்தகத்தைப் புரட்டுகிறவன் என்பதால் லிஃப்ட்காரர் அவனுக்குக் 'கையேடு' என்றே பெயர் வைத்திருந்தார்.

"அண்ணே, உடம்பு எப்படிண்ணே?"

"உடம்பு கிடக்கட்டும். எந்த லிஃப்ட்டு?"

"பதினேழுண்ணே. பழைய பத்திரிகை ஆபீஸ். ரெண்டாம் மாடி தாண்டினதும் நின்னுக்குது. பத்து நாளா மல்லுக்கட்டறேன். கையேட்டுல நூத்திப் பன்னெண்டாம் பக்கம் என்ன போட்டிருக்குன்னா..."

"கையேட்டைத் தூக்கி அடுப்புல போடு."

"போட்டுடறேண்ணே. நீங்க அந்தத் தகட்டு விஷயத்தை மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

லிஃப்ட்காரர் உஷாரானார். கம்பெனியில் அந்தக் காலத்து லிஃப்ட்டுகள் எட்டு பாக்கி இருந்தன. அவற்றின் இயந்திர அறையில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. அதை எந்தப் பக்கம், எவ்வளவு நெம்ப வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவருக்கு மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஒருவருக்கும் மூச்சு விட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது சாவைவிட அவரை அதிகம் பயமுறுத்தியது ஒன்றே ஒன்றுதான். தான் இல்லாமலே அந்த எட்டு லிஃப்ட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்குமோ என்கிற நினைப்பு. ஏழு வாரமாக எல்லோரும் அவரைக் காத்திருக்க வைத்தார்கள். அவருக்காகக் காத்திருக்க உலகத்தில் ஒன்றாவது வேண்டாமா?

"நான் வந்து பார்த்துக்கறேன். அதுவரைக்கும் நிக்கட்டும்."

"அவசரம்ணே. அங்க..."

"என்னய்யா பெரிய அவசரம்? அந்தக் கட்டடத்துல ஒன்றரை வருஷமா ஈ காக்கா கிடையாது. புறாதான் குடும்பம் நடத்துது."

"இல்லண்ணே, இப்ப அங்க..."

"புறாவுக்கு எதுக்குய்யா லிஃப்ட்டு? அதுதான் பறக்குமே!"

பட்டென்று வைத்துவிட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் சாமர்த்தியத்தில் அவருக்கே ஒரு குளிர்ச்சி. அன்று ஒரு நாள் மட்டும் ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. கையேடு அதற்கப்புறம் ஆறு தரம் கூப்பிட்டான். லிஃப்ட்காரர் எடுக்கவே இல்லை.

ஆனால் மாதம் முடிய நாலே நாள். ஆஸ்பத்திரியை நம்பிப் பயனில்லை, நம் இதயத்துக்கு நாமே பயிற்சி கொடுத்துக்கொள்வோம் என்று முடிவு கட்டினார். வாசலிலிருந்து சமையலறை வரை அறுபது நடை. முதல் நாற்பது நடை அமர்க்களமாகப் போயிற்று. நாற்பத்தொன்றாவது நடையில் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டார். கோபத்தில் வேகம் கூடியது. இரும்பு பீரோவின் காலில் வலது கால் கட்டைவிரல் போய் இடித்தது.

"ஐயோ!"

"என்னங்க, நெஞ்சா?"

"விரல்!"

"அப்பாடா," என்றாள் மனைவி. அந்த 'அப்பாடா' விரலைவிட அதிகமாக வலித்தது.

விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பயிற்சிக்கென்று வாங்கிவைத்த புது கான்வாஸ் ஷூவில் இடது காலை நுழைக்க முடிந்தது. வலது கால் செருப்போடு நின்றுவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"சார், நல்ல செய்தி! நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பதிவுக்கு வாங்க. பயிற்சிக்குன்னே புதுசா ஓர் இணைப்புக் கட்டடம் எடுத்திருக்கோம். ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு. ஷூ போட்டுட்டு வரணும்."

"ரெண்டு காலுக்குமா?"

"எப்பவும் போடற மாதிரி சார். சாப்பிட்டீங்களா?"

மறுநாள் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாக, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்காரர் பின்தெருவில் டாக்ஸியை விட்டு இறங்கினார். அடி முதல் முடி வரை மாற்றிக் கட்டிய முகப்பு, கண்ணாடிக் கதவு, இளம்பச்சைச் சுவர், புதுப் பெயின்ட் வாசனை. உள்ளே கூடத்தில் முப்பது பேர் வெள்ளை ஷூவோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு துணிப் பதாகை: 'உங்கள் இதயத்தின் முதல் படி இங்கே!'

மேஜைப் பெண் எல்லோருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தாள். லிஃப்ட்காரருக்கு முப்பத்தொன்று.

"பயிற்சி இன்னிக்கே ஆரம்பிச்சாச்சுன்னு ஒரு தாள் கொடும்மா."

"பயிற்சி ஆரம்பிக்கலையே சார். இன்னிக்குப் பதிவு மட்டும்தான். தேதி அப்புறம் சொல்லுவாங்க."

லிஃப்ட்காரரின் காது சிவந்தது. மனைவி பைக்குள் கைவிட்டுக் கருவியைத் தேடினாள்.

"ஏன் ஆரம்பிக்கலை?"

"கருவியெல்லாம் வந்திடுச்சு. சொல்லித்தர ஆளும் வந்தாச்சு. வெளியிலேருந்து ஒருத்தர் வந்து சின்ன வேலை ஒண்ணு முடிக்கணுமாம். அவர் வரமாட்டேங்கறாராம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் சார், நான் நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தேன்."

"ஒருத்தரா? ஒரே ஒரு ஆளா?" லிஃப்ட்காரர் கூடத்தின் நடுவுக்கு நொண்டி நொண்டி வந்தார். "கேட்டீங்களா எல்லாரும்? எவனோ ஒருத்தன் மனசு வைக்கலைன்னு முப்பத்தோரு இதயம் காத்துக் கிடக்கணுமாம்! நானும் முப்பது வருஷம் வேலை பார்த்தவன்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நம்மால யாராவது காத்திருந்தாங்கன்னு பேச்சு வந்திருக்கா? இந்த மாதிரி ஆளையெல்லாம் சும்மா விடக் கூடாது!"

"விடவே கூடாது!" என்றார் முன்வரிசைத் தையற்காரர்.

"எழுதுங்க ஒரு மனு," என்றார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பையிலிருந்து தாளும் பேனாவும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

லிஃப்ட்காரர் எழுதினார். ஏழு வாரக் கோபமும் அருவி மாதிரி கொட்டியது. 'கடமை உணர்ச்சி சிறிதும் இல்லாதவரும், சக மனிதரின் உயிரைத் துச்சமாக மதிப்பவருமான இந்த நபரை உடனடியாக வேலையிலிருந்து நீக்க வேண்டும். அது முடியாவிட்டால், ஜன்னல் இல்லாத ஏதாவது ஓர் அறையில் ஓய்வு பெறும் நாள்வரை உட்கார வைக்க வேண்டும்' என்று முடித்தார். கடைசி வாக்கியத்தைச் சத்தமாக வாசித்தபோது கூடமே கைதட்டியது. முதல் கையெழுத்தைத் தாமே கொட்டை எழுத்தில் போட்டார். முப்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். அவருடைய மனைவிகூடப் போட்டாள்.

"என்னங்க, இன்னிக்குத்தான் நீங்க கோபப்பட்டதுல ஓர் அர்த்தம் இருக்கு," என்றாள் அவள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கணக்கு டீச்சர் மட்டும் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆள் யாருன்னே போடலையே? 'இந்த நபர்'னு மொட்டையா எழுதினா குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்."

வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனை எல்லோருமாகக் கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். லிஃப்ட்காரர் பேனாவைத் திறந்து, 'இந்த நபர்' என்ற இடத்துக்கு மேலே முனையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொல்லுங்க வாட்ச்மேன். யாரு அந்த மகானுபாவன்?"

"பேரு தெரியாதுங்கய்யா," என்று வாட்ச்மேன் பதாகையின் ஓரத்தை ஒதுக்கி, பின்னால் இருந்த பழைய இரும்புக் கதவைக் காட்டினார். "பயிற்சி நாலாவது மாடியில, நீங்களோ படியேறக் கூடாதவங்க. இந்த லிஃப்ட்டோட சூட்சுமம் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தானாம், மீசைக்கார மெக்கானிக் போன்ல கெஞ்சிக் கேட்டதுக்கு, 'புறாவுக்கு எதுக்குய்யா லிஃப்ட்டு, அதுதான் பறக்குமே'ன்னு சொல்லி வெச்சுட்டாராம்!"