மூணாவது பல்பு

எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். மூன்று நாளைக்கு, பகலில், மோட்டார் போட வேண்டும்.

மாமனார் வேதாரண்யத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அங்கே நாத்தனார் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஸ்டெல்லா, ஆத்துல இன்னும் தண்ணி விடலை. நாத்தங்கால் போர்த்தண்ணியிலதான் நிக்குது. த்ரீ பேஸ் வந்ததும் மோட்டாரைப் போடு. மருதமுத்து வயல்ல நின்னு பாய்ச்சிக்குவான்."

"இதெல்லாம் ஒரு வேலையா மாமா? நிம்மதியா போயிட்டு வாங்க."

"உன்னை நம்பித்தான் போறேன். ஒரு நாள் தண்ணி தவறினாலும் இந்த வெயிலுக்கு நாத்து தாங்காது. அது போச்சுன்னா குறுவையே போச்சு."

கான்வெண்ட்டில் பொறுப்புக்காக மெடல் வாங்கியவள் நான். என்னிடமா சொல்கிறார்!

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். மோட்டார் கொட்டகை வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. அதன் வாசலில் வரிசையாக மூன்று பல்பு. மூன்றும் எரிந்தால் த்ரீ பேஸ் வந்துவிட்டது, மோட்டார் போடலாம். இரண்டு மட்டும் எரிந்தால் தொடக்கூடாது, மோட்டார் கருகிவிடும். வயலில் நிற்கிற ஆளுக்கும் அந்தப் பல்புகள் தெரியும். தினமும் பதினோரு மணிக்கு வரும், மூன்று மணிக்குப் போய்விடும்.

இதில் தப்பு நடக்க வழியே இல்லை. நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன்.

அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது பையனுக்கு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்திருந்தார். டிவியில் மாட்டி ஆட வேண்டும். திரை முழுக்கச் சந்து சந்தாகச் செங்கல் சுவர். நடுவில் குட்டியாக ஓர் ஆள். அவன் குண்டு வைத்துச் சுவரை உடைத்துக்கொண்டே போக வேண்டும். உருண்டையாகச் சில பேய்கள் சந்துக்குள் அலையும். மோதினால் செத்தோம். உடைந்த சுவருக்குப் பின்னால் சில சமயம் பரிசு கிடைக்கும். ஒன்றை எடுத்தால் நெருப்பு நீளும், இன்னொன்றை எடுத்தால் ஒரே நேரத்தில் இரண்டு குண்டு வைக்கலாம், செருப்பு கிடைத்தால் ஓட்டம் கூடும்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றே பையனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்:

"இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும்தான். பெட்டி என் பீரோவுல இருக்கும்."

பெட்டி பீரோவில்தான் இருந்தது. அவனுடைய ஸ்கூல் பஸ் தெருமுனை திரும்புகிற வரைக்கும்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் நடந்தது. பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பதினோரு மணிக்குப் பன்னிரண்டாவது கட்டத்தில் இருந்தேன். கையில் நாலு குண்டு, செருப்பு, நீள நெருப்பு எல்லாம் இருந்தது. வயலிலிருந்து மருதமுத்து குரல்:

"அம்மா! மூணும் எரியுது! மோட்டார் போடுங்க!"

ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு ஓடிப்போய்ப் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால், டிவியில் முதல் கட்டம்!

விஷயம் இதுதான். மோட்டார் எடுக்கிற நேரத்தில் வீட்டு வோல்டேஜ் ஒரு தடவை படுத்து எழும். ஸ்டெபிலைசர் 'டக்' என்று அணைந்து மறுபடி வரும். அந்த ஒரு 'டக்'கில் என் பன்னிரண்டு கட்டமும், நாலு குண்டும், செருப்பும் போச்சு.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. செருப்பு ஞாபகமாகவே இருந்தது.

இரண்டாம் நாள் பத்தே முக்காலுக்குப் பதினாறாவது கட்டம். ஒரு அரை மணி நேரம் தள்ளிப் போட்டால் என்ன ஆகிவிடும்? ஆனால் மருதமுத்து விடமாட்டாரே! பல்பு எரிந்த அடுத்த நிமிஷம் கத்துவார்.

எழுந்து கொல்லைக்குப் போனேன். மூணாவது பல்பை அமுக்கித் திருப்பிக் கழற்றினேன். முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அரை மணிதான், சத்தியமாக.

பதினொன்றேகாலுக்குத் தெருவாசலில் மருதமுத்து. எங்கள் வீட்டு வயலை இருபது வருஷமாகப் பார்க்கிறவர்.

"என்னம்மா, இன்னிக்கு ரெண்டுதான் எரியுது?"

"அப்படியா?" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பக்கத்துக் கொல்லையில மோட்டார் ஓடுதேம்மா!"

"அவங்களுக்கு முன்னாடி வந்திருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

பொறுத்தார், பாவம். வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. நான் அடுத்த தடவை கடிகாரத்தைப் பார்த்தபோது மணி மூன்று பத்து!

கொட்டகைக்கு ஓடினேன். இப்போது இரண்டு பல்புகூட எரியவில்லை. த்ரீ பேஸ் போய்விட்டது. பல்பை மாட்டுகிற எண்ணமே அந்தப் பதற்றத்தில் வரவில்லை.

"நாத்தங்கால்ல வெடிப்பு விட்டுருச்சும்மா," என்றார் மருதமுத்து. "நுனியெல்லாம் மஞ்சளா இருக்கு. நாளைக்கும் தண்ணி இல்லேன்னா ஐயா வந்து என்னைத்தான் கேப்பாரு."

எனக்குக் கொஞ்சம் உறைத்தது. நாளைக்குச் சரியாகப் பதினோரு மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் எட்டரைக்கே ஆரம்பித்தேன். பதினோரு மணிக்கு இருபத்தொன்பதாவது கட்டம்! செங்கல் சுவருக்குள்ளேயே புகுந்து நடக்கிற சக்திகூடக் கிடைத்துவிட்டது. பையனே பார்த்திராத சக்தி. இதை எப்படி விடுவது? இந்த ஒரு கட்டம் மட்டும் முடித்துவிட்டுப் பல்பை மாட்டிவிடலாம்.

'டக்.'

டிவி போச்சு. ஃபேன் நின்றது. தெரு முழுக்க அமைதி.

வெளியே ஓடி வந்து பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் லைன்மேன் ஏறியிருந்தார். கீழே மருதமுத்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலையிலேயே பாபநாசம் போய் இவரைக் கையோட கூட்டிட்டு வந்துட்டேம்மா! ஒரு பேஸ் வரலைன்னு சொன்னேன். லைனை நிறுத்திட்டுப் பாக்குறாரு!"

"ரொம்ப நல்லது," என்றேன்.

லைன்மேன் மறுபடி லைனைப் போட்டுவிட்டு இறங்கினார்.

"லைன்ல ஒரு குறையும் இல்லையே. கொட்டகையைக் காட்டுங்க."

கொட்டகை வாசலில் அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏங்க, மூணாவது பல்பே இல்லையே?"

மருதமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆமா! அவ்வளவு தூரத்துலேருந்து எரியுறதுதான் தெரியுது, இருக்குறது எங்க தெரியுது? காக்கா கீக்கா தூக்கிட்டுப் போயிருக்குமோ?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இருக்கும், இருக்கும். இந்தப் பக்கம் காக்கா ஜாஸ்தி," என்றேன்.

லைன்மேன் நிதானமாகச் சொன்னார்: "இது அமுக்கித் திருப்பிக் கழட்டணும்ங்க. அதுக்குக் காக்காவுக்குக் கை வேணும்."

"வீட்டுல வேற பல்பு இருந்தா கொடுங்கம்மா," என்று மருதமுத்து என் பின்னாலேயே வந்தார். "அப்படியே குடிக்கத் தண்ணியும்."

சொம்பை எடுக்க உள்ளே போனேன். அவர் வாசற்படியில் நின்றார். கரண்ட் வந்துவிட்டதால் டிவி தானாக உயிர் பெற்று, முதல் கட்டத்துப் பாட்டைக் குதூகலமாகப் பாடிக்கொண்டிருந்தது. டிவி தலையில், நேற்று முந்தானையிலிருந்து அவிழ்த்து நான் வைத்த இடத்திலேயே, பல்பு. மோட்டார் கொட்டகைச் சாமான் எதுவும் மாறிவிடக் கூடாது என்று மாமனார் எல்லாவற்றுக்கும் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார். அந்தப் பொட்டு நேராக மருதமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் பல்பைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். தரையில் கிடந்த என் கேம் ஒயரைப் பார்த்தார். தண்ணீரை வாங்கி முழுசாகக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏம்மா, காக்கா டிவியெல்லாம் பாக்குமா?"

மூணாவது பல்பை நானே மாட்டினேன். மோட்டாரையும் நானே போட்டேன். மூன்று மணி வரைக்கும் வரப்பில் மருதமுத்துவோடு நின்றேன். அவர் உட்காரச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் பட்டதும் வெடிப்பெல்லாம் மூடியது. நாற்று பிழைத்துக்கொண்டது.

சாயங்காலம் மாமனார் பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராக நாற்றங்காலுக்குப் போனார். நான் வேலி ஓரமாக நின்றேன்.

"என்ன மருதமுத்து, நுனி மஞ்சளடிச்சிருக்கு?"

மருதமுத்து என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் காக்கா தொந்தரவுங்க ஐயா."

"நாத்தங்கால்ல காக்காவா?"

"கொட்டகையிலங்க. படிச்ச காக்கா."

மாமனார் திரும்பி மூன்று பல்பையும் பார்த்தார். அதில் ஒன்று மட்டும் தூசி இல்லாமல் பளபளவென்று இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் கொட்டகைச் சாவி மருதமுத்துவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

குண்டை வைத்துவிட்டு அங்கேயே நிற்கக்கூடாது என்று என் பையன் முதல் நாளே சொல்லிக் கொடுத்தான். பல்பை எங்கே வைக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை.