பிடிக்குதோ, விடுகுதோ?

கார் வைத்திருப்பவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சப் பேர். ஏற்கெனவே வேண்டிய அளவு துன்பப்படுபவர்கள். நாம் பார்க்கப்போவது கார் வைத்திராதவர்களில் ஓர் இனத்தை. இந்த இனத்தார் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் திருகோணமலையில், துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில், வெள்ளைக்காரன் விட்டுப்போன மொறிஸ்களும் ஒஸ்டின்களும் இறக்குமதித் தடையின் புண்ணியத்தில் சாகவும் முடியாமல் ஓடவும் முடியாமல் கிடந்த எழுபதுகளின் தொடக்கத்தில், இவர்கள் மிகச் செழிப்பாக இருந்தார்கள். கிளச் வைத்தியர் என்று இவர்களுக்கு ஒரு பெயர் வைப்போம். காரைத் தொடமாட்டார்கள். காதால் கேட்பார்கள். கேட்டதும் நோயைச் சொல்லிவிடுவார்கள். மருந்தை மட்டும் வேறு யாராவது காருக்குக் கீழே படுத்துக் கொடுக்க வேண்டும்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். எங்கேயாவது ஒரு பொனட் திறந்தால், இரண்டு நிமிடத்துக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். காரை ஒருமுறை சுற்றி வருவார். எந்தப் பாவமும் அறியாத ஒரு டயரைக் காலால் உதைப்பார். தலையைச் சரித்து, ஒரு கண்ணை மூடி, "ம்ம்" என்பார். பிறகுதான் கேள்வி வரும்.

"புதுக் கிளச் பிளேட் போட்டனீங்களோ? கொம்பனிச் சாமானோ?"

"இல்லை, இது வேற."

"அதுதானே பாத்தன்!"

நீங்கள் "ஓம், கொம்பனிச் சாமான்தான்" என்று சொன்னால் தப்பிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? "அப்பிடியெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்பார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லி வென்றதில்லை.

உவர்மலையில் குடியிருந்த ஞானசேகரம் இந்த இனத்தில் முதல்தரம். துறைமுகக் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடமாகக் கயிற்றுக்கும் பெயின்ருக்கும் பொறுப்பாக இருந்தவர். சொந்த வாகனம் ஒரு சைக்கிள். அதன் செயின் கழன்றால் அடுத்த தெருவுக்கு உருட்டிக்கொண்டு போய் வேறொருவரைக் கொண்டு மாட்டுவித்து வருவார். ஆனால் கார் என்று வந்தால் அவருக்கு வாய்த்த குரு ஒரு நேவி ஜீப். நாற்பத்தெட்டாம் ஆண்டு, கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே குந்திக்கொண்டு, அந்த ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரேயொரு தடவை சீனக்குடாவரை போயிருக்கிறார். அன்று கேட்ட சத்தத்தை வைத்துத்தான் இன்றுவரை சீவியம் நடக்கிறது.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறேகால் மணி. ஞானசேகரம் கிணற்றடியில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வளவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. க்ர்ர்ர்ர். கியர் விழாமல் பல்லோடு பல் உரசும் சத்தம். அவர் முகம் மலர்ந்தது. வாயைக் கொப்பளிக்கக்கூட நேரமில்லை. விரலில் பற்பொடியும் இடுப்பில் சாரமுமாக வேலியைத் தாண்டி நடந்தார்.

பக்கத்து வளவு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த குணரத்தினத்தினுடையது. சத்தம் போட்டது அவருடைய மொறிஸ் மைனர். கிளச் பிளேட் தேய்ந்துபோய், கொம்பனிப் பிளேட் நாடெங்கும் தேடியும் கிடைக்காமல், கொழும்பிலிருந்து யார் யாரையோ பிடித்து வேறொரு நாட்டுப் பிளேட் ஒன்றை எடுப்பித்து, முதல்நாள் பின்னேரம்தான் பூட்டியிருந்தார்கள். அத்தனை அவசரத்துக்குக் காரணம் மகள் கமலாதேவி. மூன்று வருடமாக ஒன்பது விண்ணப்பம் போட்டவளுக்கு முதன்முதலாக ஓர் அழைப்பு வந்திருந்தது. கந்தளாய் சீனித் தொழிற்சாலையில் தட்டெழுத்தாளர் வேலை. நேர்முகப் பரீட்சை அன்று காலை பத்து மணிக்கு. பிந்திப் போனால் அந்த ஒன்றும் கையை விட்டுப் போய்விடும். அவள் இஸ்திரி போட்ட சீலையும் கையில் கோப்புமாக வாசலில் நின்றாள்.

"அப்பா, நான் ஏழு மணி பஸ்ஸில போறன்" என்றாள்.

"பஸ்ஸிலயோ?" ஞானசேகரம் இடையில் புகுந்தார். "அந்தச் சனத்துக்குள்ள நசிபட்டுப் போனா சீலை என்னத்துக்கு ஆகும் பிள்ளை? இது பத்து நிமிச வேலை. எனக்குச் சத்தத்திலேயே விளங்கீற்றுது."

அந்தப் பத்து நிமிடம் நாலு தடவை வந்து போனது. ஏழு மணி பஸ்ஸும் போய்விட்டது. அடுத்தது ஒன்பதரைக்கு. பத்து மணிப் பரீட்சைக்கு அதில் ஏறிப் போவதும் ஒன்று, போகாமல் இருப்பதும் ஒன்று.

இதற்குள் உட்துறைமுக வீதியில் கராஜ் வைத்திருந்த ஸைனுலாப்தீன் வந்து சேர்ந்தார். ஊரார் 'நானா' என்று கூப்பிடும் அவர்தான் பிளேட்டைப் பூட்டியவர். வந்ததும் சாக்கை விரித்துக் காருக்குக் கீழே புகுந்தார்.

"பிளேட்டுல ஒண்டுமில்ல ஐயா. பழசவிடத் தடிப்புக் கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான். இந்தக் கம்பியில இரிக்கிற நட்டக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி அளவு பாக்கணும். நீங்க பெடலை மிதிச்சு, என்ன நடக்குதெண்டு சொன்னாப் போதும்."

சொன்னால் போதும். ஆனால் சொல்வது கேட்க வேண்டுமே? அந்த மொறிஸின் சைலன்சரில் நாரத்தங்காய் அளவில் ஓர் ஓட்டை. இஞ்சின் ஓடும்போது இருக்கையில் இருப்பவர் பேசுவது கீழே படுத்திருப்பவருக்கு எட்டாது. ஆகவே இருவருக்கும் நடுவில் நின்று செய்தி சொல்லும் பொறுப்பை ஞானசேகரம் ஏற்றுக்கொண்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதனாலென்ன?

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கிளச்சுக்கு இரண்டே இரண்டு வேலைதான். மிதித்தால் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள பிடியை விட வேண்டும். காலை எடுத்தால் பிடிக்க வேண்டும். கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது! ஆனால் நம்முடைய தமிழில் ஒருத்தனுக்கு ஒருத்தியைப் பிடித்தாலும் பிடித்தல்தான், பேய் பிடித்தாலும் பிடித்தல்தான். காய்ச்சல் விட்டாலும் விடுதல்தான், பாரம் தாங்காமல் கயிறு விட்டாலும் விடுதல்தான். எது நல்ல பிடித்தல், எது கெட்ட விடுதல் என்று நிதானிக்க ஒரு தெளிந்த தலை வேண்டும். நடுவில் நின்றதோ ஞானசேகரத்தின் தலை.

"மிதிக்கக்குள்ள என்ன செய்யுதாம்?" என்று கீழேயிருந்து கேள்வி வந்தது.

குணரத்தினம் பெடலை முழுக்க மிதித்துக் கியரைப் போட்டுப் பார்த்தார். க்ர்ர்ர். "இன்னும் பிடிக்குது, அண்ணை!" என்று கத்தினார். மிதித்தும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கருத்து.

ஞானசேகரம் குனிந்தார். "நல்லாப் பிடிக்குதாம் நானா!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஸைனுலாப்தீன் நட்டை அப்படியே இறுக்கிவிட்டு வெளியே வந்தார். குணரத்தினம் கியரைப் போட்டார். அந்தச் சத்தத்துக்கு முருங்கை மரத்திலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. ஸைனுலாப்தீன் மறுபடி கீழே போனார். இந்தத் தடவை நட்டைத் தாராளமாகத் திருப்பினார். கியர் வெண்ணெயாக விழுந்தது. ஆனால் காலை எடுத்தால் இஞ்சின் ஊளையிட்டதே தவிர, கார் ஓர் அங்குலமும் நகரவில்லை. இப்போது கிளச் பிடிக்கவே மாட்டேன் என்றது.

"ஐயோ, விட்டிட்டுது அண்ணை!" என்றார் குணரத்தினம்.

"விடுகுதாம் நானா! சரி, இறுக்குங்கோ!" என்றார் ஞானசேகரம்.

நானா இறுக்கினார்.

இப்படி எத்தனை தடவை நடந்தது என்று எண்ணுவதில் பயனில்லை. கடைசியில் ஸைனுலாப்தீன் எண்ணெய் முகத்தோடு எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களக் கும்பிட்டுக் கேக்கன். பிடிக்குதெண்டாப் பிடிக்கிறதா, இல்லாட்டி விடாததா?"

"நானா, நான் கேட்டதைக் கேட்டபடி சொன்னனான்" என்றார் ஞானசேகரம். "கொம்பனிச் சாமான் இல்லாட்டி உப்பிடித்தான். கியர்பொக்ஸை இறக்குங்கோ!"

மணி எட்டாகப் பத்து நிமிடம். கியர்பொக்ஸை இறக்கினால் திரும்ப ஏற்றப் பின்னேரமாகும். கமலாதேவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை ஞானசேகரம் பார்த்துவிட்டார். அவருக்குள் சுருக்கென்றது. தவழ்ந்து திரிந்த நாளிலிருந்து அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. முதல்நாள்கூடப் பத்திரகாளி கோவிலில் அவளுக்காகத் தேங்காய் உடைத்திருந்தார். அவரிடம் பாசம் இல்லாமல் இல்லை. வாயை மூடும் பழக்கம்தான் இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, கீழ்ச் சந்தியில ஒரு லொறி நிக்குதாம். கியர் விழுகுதில்லையாம். நாலு பேர் சுத்தி நிண்டும் ஒருத்தருக்கும் விளங்கேல்லையாம்."

"நாலு பேரோ?" என்றார் ஞானசேகரம். சேர்ட்டை எடுக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மலையிறக்கத்தில் அவர் ஓடிய ஓட்டத்தை உவர்மலை அதற்கு முன் கண்டதில்லை.

அவர் தலை மறைந்ததும் கமலாதேவி ஒரு ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

"நானா, சில்லுக்குக் கல் வைச்சிருக்கு. கியர் விழுந்து வாகனமும் நகரப் பாத்தா மட்காட்டில ஒரு தட்டு. கியர் விழாட்டி ரெண்டு. விழுந்தும் அசையாட்டி மூண்டு. அப்பா, நீங்கள் வாயே திறக்கக்கூடாது. விரலைக் காட்டுங்கோ, நான் தட்டுறன்."

இரண்டு தட்டு. நட்டு அரைச் சுற்றுத் திரும்பியது. இரண்டு தட்டு. இன்னுமோர் அரைச் சுற்று. மூன்று தட்டு. கால் சுற்றுப் பின்னால். பிறகு ஒரேயொரு தட்டு. ஸைனுலாப்தீன் நட்டை இறுக்கிவிட்டு வெளியே வந்து முகத்தைத் துடைத்தார். "இந்தப் புள்ளைக்கு வேலை கிடைக்காட்டி, கிடைக்கிறது ஆருக்கு?" என்றார். எட்டு ஐந்துக்குக் கார் படலை வாசலைத் தாண்டியது.

கீழ்ச் சந்தியில் லொறி இல்லை. ஞானசேகரத்துக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் நிலாவெளி பஸ் ஒன்று, எந்தக் குறையும் இல்லாமல், புறப்படுகிற நேரத்தில் நின்றது. சாரதி பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். ஞானசேகரம் பஸ்ஸை ஒருமுறை சுற்றி வந்தார். "தம்பி, நீர் இவ்வளவு நாளும் இந்தச் சத்தத்தைக் கவனிக்கேல்லையோ?" என்று மெல்லக் கேட்டார். ஐந்தே நிமிடத்தில் சாரதி பஸ்ஸுக்குக் கீழே கிடந்தார்; ஆட்கள் இறங்கி வீதியில் நின்றார்கள்; ஒரு மீன் வியாபாரி தன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கவே தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் மொறிஸ் அந்தப் பக்கமாக வந்தது. வளைவில் கியர் மாறியது, சத்தமே இல்லை. ஞானசேகரம் விரலை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினார்.

"கேட்டீங்களோ? என்ன வடிவா விடுகுது, என்ன வடிவாப் பிடிக்குது! விடியத்தொடக்கம் நிண்டு சொல்லிக் குடுத்தனான். நான் சொன்னபடிதான் செய்திருக்கினம்!"

கமலாதேவி கோப்பினால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று குணரத்தினத்துக்குத் தெரியாது. பத்துக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது அவள் கந்தளாயில் இறங்கினாள். அடுத்த மாதம் வேலையும் கிடைத்தது. நியமனக் கடிதம் வந்த அன்று முதல் லட்டு ஞானசேகரத்தின் வீட்டுக்குத்தான் போனது. அயல் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவர் அதைச் சாப்பிட்டபடியே, தன் காது இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்து உண்மையாகவே கண் கலங்கினார். ஸைனுலாப்தீனுக்குப் போனது இரண்டாவது லட்டு.

வாசகரே, பழுது அந்தக் கம்பி நட்டில்தான் என்று நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டேன். கார் ஓடிவிட்டது, பெண்ணும் வேலைக்குப் போய்விட்டாள். இருந்தாலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: "நட்டாக இருக்காது, பெடல் ஸ்பிரிங்தான் சோர்ந்திருக்கும், இது அந்த மெக்கானிக்குக்கு விளங்கவில்லை" என்று நடுவில் ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றவில்லையா? தோன்றியதா? அப்படியானால் அந்தக் கையைத் தயவுசெய்து அங்கேயே வைத்திருங்கள். பக்கத்து வீட்டில் யாரோ பொனட்டைத் திறக்கிறார்கள்.