எக்ஸ்ரேக்குத் தடை போட்ட பி.காம்.

வீட்டின் முதல் பட்டதாரி என்றொரு இனம் உண்டு. பட்டம் எதில் என்று யாரும் கேட்பதில்லை. வாங்கிய அன்றிலிருந்து அவன்தான் குடும்பத்துக்கு வைத்தியன், வக்கீல், வானிலை மையம் எல்லாம். நானும் அந்த இனம்தான் என்பதால், தொம்மலூர் மெஸ்ஸில் உத்தமனை முதன்முதலாகப் பார்த்தபோதே அடையாளம் தெரிந்துவிட்டது. பல்வலியோடு ரசஞ்சாதத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த ஓர் அப்பாவியைப் பிடித்து வைத்திருந்தான்.

"பல்லுக்கு எக்ஸ்ரேவா? எடுக்காதீங்க பாஸ். ரேடியேஷன்! நல்லதுன்னா, பட்டனை அமுக்க அந்தம்மா எதுக்கு ரூமுக்கு வெளியே ஓடுறாங்க?"

எப்பேர்ப்பட்ட கேள்வி! மெஸ்ஸே மோர் டம்ளரைக் கீழே வைத்தது. நானும் வைத்தேன்.

உத்தமன் பி.காம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமம். இப்போது இந்தக் கன்னட ஊரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு. கதிர்வீச்சைப் பற்றி அவன் படித்ததெல்லாம் டிராஃபிக்கில் பஸ் நின்ற நேரத்தில், செல்போனில், பாதிவரை; மீதியைப் படிப்பதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது. ஆனால் பாதி படித்தவனுக்கு வருகிற குரல் இருக்கிறதே, முழுசாகப் படித்தவர்களுக்கு அது வராது.

மெஸ்ஸோடு போயிருந்தால் பரவாயில்லை. ஸ்ரீராம்புரத்தில் வாழ்க்கைப்பட்ட அவன் அக்கா பாஞ்சாலிக்குக் கடைவாய்ப்பல்லில் வலி வந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதும், அவள் அந்த நாற்காலியில் சாய்ந்தபடியே தம்பிக்குப் போன் போட்டாள்.

"எடுக்கலாமாடா?"

"எழுந்து வாக்கா!"

எழுந்து வந்துவிட்டாள். கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், 'எதுக்கு வெளியே ஓடுறாங்க' என்பதைத் தெரு முழுக்கப் பரப்பினாள். வலியும் அடங்கியது. உத்தமன் மெஸ்ஸில் வெற்றி அறிவித்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனால், கன்னம் பன்னாக உப்பி, ஒரு கண் பாதி மூடிக் கிடந்தது.

ஆட்டோ பிடித்து அதே கிளினிக். வாசலிலேயே இங்கிலீஷைத் தொடங்கிவிட்டான். படித்தவன் வந்திருப்பது தெரிய வேண்டாமா? டாக்டர் ஷோபாவும் அவனோடு இங்கிலீஷிலேயே பேசினார். அன்றைக்கு எக்ஸ்ரே வேண்டாம் என்றது யார் என்று கேட்டார். அக்காவுக்கு அது மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது.

"நம் தம்ம, மேடம்! டிகிரி மாடிதானெ!" என்று வீங்கிய வாயால் கன்னடத்தில் பெருமையடித்தாள்; நம்ம தம்பிதான், டிகிரி முடிச்சவனாம்.

வேறு வழியில்லாமல் உத்தமன் தன் கேள்வியை எடுத்துவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. சும்மா நடமாடினாலே மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு நாளில் நம்மீது படுகிற அளவுகூட ஒரு பல் படத்தில் இல்லை. உங்களுக்கு எப்போதோ ஒன்று, எங்களுக்கோ நாள் முழுக்க, வருஷம் முழுக்க, அதனால் வெளியே நிற்கிறோம் என்றார்.

"எக்ஸாக்ட்லி," என்றான் உத்தமன், இத்தனை நாளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தவன் போல. அப்புறம் அக்காவிடம் திரும்பி அனுமதி வழங்கினான்: "ஒண்ணு எடுக்கலாம்க்கா. நான் பேசிட்டேன்."

படம் திரையில் வந்தது. வேரைச் சுற்றி எலும்பு கரைந்து கறுப்பாக ஒரு குழி. அன்றைக்கே எடுத்துப் பார்த்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம், இனிமேல் பிடுங்கத்தான் வேண்டும், அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

"என்னடா சொல்றாங்க?"

"பிடுங்கணுமாம்க்கா."

"அதுக்கா அவ்ளோ நேரம் பேசுனாங்க?"

"இங்கிலீஷ்ல கொஞ்சம் நீளமாத்தான் வரும்க்கா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால், டாக்டருக்கு முன்னால் யாருக்குப் போன் போகிறது? உங்களுக்கா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு "நான் சொல்றதைக் கேளு" என்று ஆரம்பிக்கிறீர்களா? எனக்கும் வருகிறது, நானும் கனைக்கிறேன். வாருங்கள், மெஸ்ஸில் எங்கள் மேஜையில் இடம் இருக்கிறது.

பாஞ்சாலி இப்போது ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறாள். "தம்பி கூட இருந்ததால ஒரே எக்ஸ்ரேவோட விட்டாங்க" என்று ஸ்ரீராம்புரத்தில் எல்லோரிடமும் சொல்லுகிறாள். அந்தத் தெருவே உத்தமனைக் கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. டாக்டர் சொன்னதில் முன்பாதியை அவன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.