ஊசி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், அக்கா

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி தலைதாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் நலம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மகள் அவள் வேலை பார்க்கும் ஊரில் சௌக்கியமாக இருப்பதாக அவள் போடும் படங்களிலிருந்து தெரிகிறது. இதெல்லாம் வழக்கமான சேதி. இனிமேல் வருவது வழக்கமில்லாதது. அத்தான் பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து அடுத்த அறைக்குப் போய்ப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ சிரித்தால் எனக்குக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நீ. உனக்குத் தெரியாத உடம்பு கிடையாது. என்னையே நீதான் குளிப்பாட்டி வளர்த்தாய். அப்படியிருந்தும் இதை எழுத மூன்று பேனா மாற்றிவிட்டேன், பேனாவின் மேல் குற்றமில்லை. விஷயம் இதுதான்: எனக்கு ஆண்களுக்கான ஹார்மோன் குறைந்துவிட்டதாம். ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று இத்தனை நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முடிவைச் சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் தம்பி காரணமில்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான் என்று நினைப்பாய்.

எல்லாம் தையல்காரம்மாவிடம் ஆரம்பித்தது. நான் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலில் அவர் புது மாணவி. தைத்த துணிகளைத் தானே காரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சேர்ந்தவர். என்னிடம் சேரும் எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: நான் சொல்லாமல் ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது. அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. ஊர் எல்லையில் “நேரா போங்க” என்று சொன்னது நினைவிருக்கிறது. அதற்கடுத்து என் காதில் விழுந்தது, “சார், கோவிச்சுக்காதீங்க, பெட்ரோல் லைட்டு எரியுது” என்பது. கண்ணைத் திறந்தால் இரண்டு பக்கமும் காற்றாலைகள். நம் ஊர்ப் பக்கத்தில் காற்றாலையே கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

“எங்கம்மா இருக்கோம்?” என்றேன்.

“தெரியல சார். நீங்க நேரா போன்னீங்க. போயிட்டே இருக்கேன்.”

“என்னை எழுப்பியிருக்கலாமே?”

“கண்ணை மூடிக்கிட்டு, நான் ஓட்டறதக் காதாலயே கவனிக்கறீங்கன்னு நெனச்சேன் சார். நடுவுல ஒரு லாரிய முந்தினப்ப ‘ம்’னு கூட சொன்னீங்களே!”

அக்கா, அந்த அம்மா அதுவரை இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. திரும்பி வரும்போதும் அவரேதான் ஓட்டினார். அதோடு விட்டாரா? நேரே முதலாளி அறைக்குப் போய், “சார் மாதிரி நம்பிக்கை வெச்சு யாருமே சொல்லித்தர மாட்டாங்க, அவ்ளோ தூரம் ஒரு வார்த்தை பேசல” என்று கண்கலங்கப் பாராட்டிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “அந்தம்மா பாஸு, நீங்க பெயிலு. டாக்டர் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் வண்டியில ஏறாதீங்க. கிளாஸ் ரூம்ல சாலைக் குறிப் படத்த வெச்சு பாடம் எடுங்க” என்றார். இத்தனை வருஷம் பிரேக்கில் கால் வைத்து ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், கையில் குச்சியோடு பலகைக்கு முன்னால் நின்றேன்.

அங்கேயாவது ஒழுங்காக இருந்தேனா? ‘முன்னால் பள்ளிக்கூடம்’ என்ற படம் இருக்கிறதல்லவா, இரண்டு பிள்ளைகள் கைகோர்த்துச் சாலையைக் கடப்பது. அதைக் காட்டி விளக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சாதாரண அழுகை இல்லை, தேம்பல். முன்வரிசையில் இருந்தவர் எழுந்து கைக்குட்டை கொடுத்தார். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், “இவருக்குத் தெரிஞ்சவங்க யாரோ அடிபட்டிருக்காங்க போல” என்று கிசுகிசுத்தாள். எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் அடிபடவில்லை அக்கா. அந்தப் பிள்ளைகள் அவ்வளவு நம்பிக்கையாகக் கடந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். இது தவிர, படி ஏறினால் அலுப்பு, இறங்கினால் சலிப்பு, எதிலும் பிடிப்பு இல்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாததிலிருந்து புரிந்துகொள்.

உன் தம்பி மனைவிதான் ஒரு ஹார்மோன் டாக்டரின் பெயரைச் சொல்லி அழைத்துப்போனாள். உள்ளே போனால் அந்த டாக்டர் என் பழைய மாணவி! ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கம்பத்தை இடித்து, நான் தொண்டை கிழியக் கத்திய பெண். என்னைப் பார்த்ததும், “வாங்க சார், உக்காருங்க. பெல்ட் போட வேண்டாம்” என்றாள். அவள் மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எப்படிப்பட்ட கேள்விகள் என்று உனக்குத் தெரியும். கதவு முழுசாகச் சாத்தவில்லை, வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கார் கற்றவர்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது உன் தம்பி மனைவி முந்திக்கொண்டாள். அவள் ரயில் நிலைய விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்பவள் இல்லையா, எதற்கும் சுருக்கமான, தெளிவான, எல்லோருக்கும் கேட்கும்படியான பதில்தான். “போன வருஷத்துலேர்ந்து ரத்து, டாக்டர். முன்னறிவிப்பு எதுவும் இல்ல.” வெளியே யாரோ இருமினார்கள்.

“குறட்டை விடுவீங்களா சார்?”

“கிடையவே கிடையாது” என்றேன் நான்.

“உண்டு” என்றாள் இவள். கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “குறட்டை விட்டாக்கூடப் பரவால்ல டாக்டர். நடுவுல அது நின்னு போயிடுது. மூச்சே கேக்காது. திரும்ப வர்ற வரைக்கும் நான் அவர் நெஞ்சு மேல கைய வெச்சுக்கிட்டே படுத்திருப்பேன்” என்றாள். கவுன்ட்டரில் பேசும் குரல் இல்லை அது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். அளவு குறைவு என்று வந்தது. உடனே சட்டையை மடித்துக் கையை நீட்டினேன். டாக்டர், “அவசரப்படாதீங்க சார். ஒரு தடவை பார்த்ததை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. முதல்ல தூக்கத்தைச் சரி பண்ணுவோம், எடையைக் குறைப்போம், அப்புறம் காலை நேரத்துல மறுபடி டெஸ்ட் எடுப்போம்” என்று சொல்லிவிட்டாள். புலியாகத் திரும்பப் போகிறோம் என்று போனவனுக்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் வைத்த மாஸ்க்கைக் கொடுத்தனுப்பினார்கள். அதை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். முதல் தடவை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தேன், விமானத்திலிருந்து குதிக்கப் பயந்து உள்ளேயே இருந்துவிட்டவன் மாதிரி இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது. மூச்சு நிற்பது நின்றது, பகல் தூக்கமும் போனது. முதலாளி சர்டிபிகேட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை மறுபடி வண்டியில் ஏற்றினார். அழுகையும் அலுப்பும் அந்த எழுதாத விஷயமும் மட்டும் அப்படியே இருந்தன. காலையில் எடுத்த டெஸ்ட்டுகளிலும் அளவு கீழேயேதான் நின்றது.

அப்போதுதான் டாக்டர் உட்காரவைத்து விவரமாகச் சொன்னாள். “இப்ப ஊசி ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்காமலும் இருக்கலாம். முடிவு உங்களோடது. சில பேருக்கு நல்லா குணம் தெரியும், சில பேருக்குக் கொஞ்சம்தான். ரத்தம் கெட்டியாகுதான்னு பார்க்கணும், புராஸ்டேட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். ஊசி உள்ள போனா உங்க உடம்பு சொந்தமா சுரக்கறதை நிறுத்திடும், நடுவுல விட்டா கஷ்டப்படுவீங்க. இனிமே குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கா?”

யோசிக்காமல் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் மரியாதைக்காகக் கொஞ்சம் யோசித்தேன். இவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இருக்கற ஒண்ணே போன் பண்ண மாட்டேங்குது டாக்டர், நீங்க மேல சொல்லுங்க” என்றாள். ஊசி பயமாக இருந்தால் தோளில் தடவும் ஜெல் இருக்கிறது, ஆனால் அந்த இடம் வீட்டில் வேறு யார் மேலும் படக் கூடாது என்றாள் டாக்டர். “பட்டா எனக்கு மீசை வருமா?” என்று இவள் கேட்டாள். “வரலாம்” என்று டாக்டர் சிரிக்காமல் சொன்னாள். ஜெல் யோசனை அங்கேயே முடிந்தது.

இதற்கிடையில் மாடியில் குடியிருக்கும் உடற்பயிற்சிக் கூடக்காரர் காதுக்கு விஷயம் போய்விட்டது. தெருவில் அவரைத் ‘தோள்பட்டை’ என்றுதான் சொல்வார்கள், அவருக்குக் கழுத்து இருந்து பார்த்தவர்கள் யாருமில்லை. “அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு ஊசியப் போட்டுக்குங்க” என்றார். கண்ணை மூடியதில்தான் இந்தக் கதையே ஆரம்பித்தது என்று அவரிடம் சொல்லவில்லை. “நான் போடறேன். பாருங்க” என்று சொல்லிவிட்டு, எங்கள் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். தூக்கிவிட்டார், அதில் சந்தேகமில்லை. இறக்கத்தான் தெரியவில்லை. அதற்குள் கதவு திறந்து தயிரும் முட்டையும் ஒவ்வொன்றாகக் கீழே விழ, “அண்ணே, புடிங்கண்ணே, புடிங்கண்ணே” என்று ஃப்ரிட்ஜோடு கூடத்தைச் சுற்றி வந்தார். நானும் இவளும் அடியில் கை கொடுத்து, கடைசியில் அது நின்ற இடம் குளியலறை வாசல். இப்போதும் அங்கேதான் நிற்கிறது. குளிக்கப் போகிறவர்கள் பக்கவாட்டில் போகிறோம். போகும்போது ஒட்டுத்தாள் இல்லாத ஒரு மருந்துக் குப்பியை என் பையில் திணித்துவிட்டுப் போனார். அதை டாக்டரிடம் காட்டினேன். அவள் பார்த்த பார்வை, அந்தக் காலத்தில் கம்பத்தை இடித்தபோது நான் அவளைப் பார்த்த பார்வை. வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

இவளிடமே கேட்டேன், “நீ என்ன சொல்றே? போட்டுக்கட்டுமா?”

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: “புலி, சிங்கமெல்லாம் எனக்கு வேண்டாங்க. முன்ன வீட்டுக்கு வந்தா வாய் ஓயாமப் பேசுவீங்க. இன்னைக்கு யார் எதுல இடிச்சா, யாரு கிளட்சுன்னு நெனச்சு பிரேக்க மிதிச்சான்னு. அந்த ஆளு எங்க போனாருன்னே தெரியல. நாள் பூரா ஊர்ல இருக்கறவங்கல்லாம் எங்கிட்ட கேள்வி கேக்கறாங்க. வீட்டுக்கு வந்தா ஒரு கேள்வி கிடையாது.”

நான் பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் வைத்து ஆழ்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன் அக்கா. ஊசி வேண்டாம். வயது என்பது மெதுவாக வந்து பக்கத்தில் உட்காரும் ஒரு பயணி. அவரை ஊசியால் குத்தி இறக்கிவிடுவது நாகரிகமில்லை. உடம்பு தானாக என்ன சுரக்கிறதோ அதை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டும். உன் தம்பி மனைவியையே எடுத்துக்கொள். என்னைவிட மூன்றே வயது சின்னவள். ஒரு ஊசி உண்டா, ஒரு மருந்து உண்டா? அந்தக் கவுன்ட்டரில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தும் முகத்தில் ஒரு வாட்டம் கிடையாது. மன உறுதி! பெண்ணுக்கே அது முடியும்போது ஆண்பிள்ளை எனக்கு முடியாதா? நாளையிலிருந்து நடைப்பயிற்சி. இந்த முடிவில் எந்த மாற்றமும் இல்லை. நீயும் நர்ஸ் என்ற முறையில் என் மனத்தைக் கலைக்கப் பார்க்காதே.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல். உன் வாழ்த்தை வழக்கம்போல் இரண்டு திட்டோடு சேர்த்து அனுப்பிவை, அப்போதுதான் அது உன்னுடையது என்று நம்புவேன்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டு உள்ளே போனேன். இவள் கட்டிலில் உட்கார்ந்து முடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, பசையைக் கேட்காமல், “நீ எப்படி இருக்கே? உடம்பெல்லாம் எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. ஏதோ வெளியூர் ரயிலைப் பற்றி விசாரித்தது மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு புடவையை லேசாக விலக்கி இடுப்பைக் காட்டினாள். அங்கே சின்னதாக, வெளிறிய ஒரு பட்டை ஒட்டியிருந்தது. “ஹார்மோன். மாதவிலக்கு நின்னப்புறம் உடம்பு தீயா எரிஞ்சுது, தூக்கமில்ல, எதுக்கெடுத்தாலும் கோவம். ஒரு வருஷமா ஒட்டிக்கறேன். இதே டாக்டர்தான். அண்ணிதான் போய்ப் பாருன்னு சொன்னாங்க” என்றாள்.

அண்ணி என்றால் நீ. உங்களுக்குள் என்னவெல்லாம் நடக்கிறது! அந்த டாக்டரும் என் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணி துவைக்கும் மெஷினில் அந்தப் பட்டை ஒன்று என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தபோது, ஏதோ சிராய்ப்புக்கு என்று உரித்துப் போட்டவன் நான். மின்விசிறியைக் கூட்டுவதா குறைப்பதா என்று ராத்திரியில் எங்களுக்குள் நடக்கும் சண்டை போன வருஷம் திடீரென்று நின்றது புது மின்விசிறி வாங்கியதால் என்றுதான் இதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன். “நீங்க கேக்கல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. பிறகு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கேள்வி முழுக்க என்னுடையது.

ஆகவே மேலே மன உறுதி என்று எழுதியிருக்கும் இடத்தில் பட்டை என்று படித்துக்கொள். மற்றதை எல்லாம் அடித்துவிடலாம், இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மட்டும் மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு முதல் ஊசி. பிடிக்கவில்லையென்றால் டாக்டரிடம் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசிவைத்திருக்கிறோம். அவளுக்கும் அன்றைக்கே பரிசோதனையாம். சேர்ந்து கிளம்புகிறோம். அதற்காக நாள் கிழமைக்குக் கட்டும் நீலப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர்கள் சினிமாவுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.